நகரம் குடித்த ஏரிகள் – 7: செம்பரம்பாக்கத்து மண்கரை

புழல் ஏரியையும் பூண்டி நீர்த்தேக்கத்தையும் சென்ற இரண்டு அத்தியாயங்களில் பார்த்தோம். இரண்டுமே சென்னையின் தாகத்தைக் கணக்கில் வைத்து உருவம் பெற்றவை. 1866இல் ஃபிரேசர் என்ற பொறியாளர் வகுத்த திட்டப்படி தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றை மறித்தார்கள். அந்த நீர் சோழவரம் வழியாகப் புழலுக்கு வந்து, 1872இல் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கத்தை அடைந்தது. பூண்டிக்கு 1940இல் அடிக்கல் நாட்டி 1944இல் திறந்தார்கள். மேயராக இருந்து அதற்காக உழைத்த சத்தியமூர்த்தி, திறப்பைப் பார்க்கக் கொடுத்துவைக்காமல் 1943இல் மறைந்தார்.

இந்த வாரம் பார்க்கப்போகும் ஏரியின் பிறப்பு வேறு. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போகும்போது இடது கைப்பக்கம் விரிந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரி நெல்லுக்காகக் கட்டப்பட்டது. நூற்றாண்டுகளாக அது வயலுக்குத்தான் பாய்ந்தது. சென்னை அதன்மேல் கைவைத்தது மிகவும் பிந்தித்தான்.

இந்தத் தொடரில் வரும் ஏரிகளிலேயே எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். பாசனத்துக்குத் தேக்கி வைப்பது, நகரத்துக்குக் குடிநீர் தருவது, அடையாற்றங்கரையில் குடியிருப்பவர்களை வெள்ளத்திலிருந்து காப்பது என்று மூன்று வேலைகளை ஒரே மண்கரை இன்று சுமக்கிறது. குடிநீர் வேண்டுமென்றால் ஏரி நிரம்பி இருக்க வேண்டும். வெள்ளத்தைத் தடுக்க வேண்டுமென்றால் மழைக்கு முன்பே அதில் இடம் காலியாக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே எந்த நாளில் எத்தனை அடி என்று முடிவெடுக்கிறவரின் கையில் லட்சக்கணக்கானவர்களின் வீடு, வாசல் இருக்கிறது.

ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள முடியாது.

மேற்கே ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, நேமம் ஏரி. இவை நிரம்பி வழிந்தால் அந்த உபரி செம்பரம்பாக்கத்துக்கு வரும். இந்த ஏரிகளுக்கும் மேலே, பெயர் கூட வெளியூராருக்குத் தெரியாத சிற்றேரிகளும் தாங்கல்களும் இருக்கின்றன. ஒன்றின் வழிச்சல் அடுத்ததின் வரத்து. தொண்டை மண்டலத்துக்குக் காவிரியோ தாமிரபரணியோ கிடையாது. பாலாறு பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழையை ஆடி வரை வைத்துக்கொள்ள ஒரே வழி, நிலம் சாயும் இடமெல்லாம் மண்ணை உயர்த்தி மறிப்பதுதான். அப்படி மறித்து மறித்து இறங்கி வருகிற வரிசையின் கடைசியில், கடலுக்குப் போவதற்கு முன் பெரிய தேக்கமாக நிற்பது செம்பரம்பாக்கம்.

இன்னொரு வரத்தும் உண்டு. கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து கூவம் பிரிகிறது. அந்தக் கூவத்தின் குறுக்கே கொரட்டூரில் ஓர் அணைக்கட்டு. அம்பத்தூரை ஒட்டிய கொரட்டூர் என்று நினைத்துவிட வேண்டாம், இது திருவள்ளூர் பக்கத்துக் கொரட்டூர். அங்கிருந்து புதிய பங்காரு கால்வாய் கூவத்து நீரைச் செம்பரம்பாக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. ஏரி நிரம்பினால் உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகப் போய்த் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கிறது.

சென்னையின் ஆறுகள் என்று நாம் சொல்லும் கொசஸ்தலை, கூவம், அடையாறு மூன்றையும் நம் முன்னோர்களும் அவர்களுக்குப் பின் வந்த பொறியாளர்களும் கால்வாய்களாலும் அணைக்கட்டுகளாலும் இணைத்திருக்கிறார்கள். அந்த இணைப்பு ஒன்றுகூடும் இடம் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நைல் நதியின் நீளத்தைச் சொல்லிக் கொடுக்கிறோம். இதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

*

கரைக்கு வருவோம்.

செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது மூன்றரை டிஎம்சிக்கும் சற்றுக் கூடுதல். லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 10,300 கோடி. இவ்வளவு நீரையும் தாங்கி நிற்பது கிலோமீட்டர் கணக்கில் நீளும் மண்மேடு. உட்சரிவில் அலை அரிக்காமல் இருக்கக் கல் பதித்திருப்பார்கள். வெளிச்சரிவில் புல் பிடித்திருக்கும். வயலுக்கு நீர் விட மதகுகள், மிஞ்சியதை வெளியேற்ற ஐந்து கண் மதகு, பத்தொன்பது கண் மதகு. செய்தித்தாளில் ஒவ்வொரு கார்த்திகையிலும் நாம் படிக்கும் பெயர்கள் இவை.

மண்கரை, நீரின் எடையைத் தாங்கும். சரியாகக் கட்டி, ஒவ்வொரு அடுக்காக மிதித்து இறுக்கிய கரை நூற்றாண்டுகள் நிற்கும். அதனால் தாங்க முடியாதவற்றில் முதலாவது, தலைக்கு மேல் நீர் வழிவது. கான்கிரீட் அணையின்மேல் நீர் வழிந்தால் அணைக்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது. மண்கரையின் உச்சியை ஒரு முழம் நீர் தாண்டிவிட்டால் வெளிச்சரிவின் புல்லைப் பெயர்க்கும், பிறகு மண்ணை அரிக்கும். அரித்த இடத்தில் இன்னும் வேகமாகப் பாயும், இன்னும் ஆழமாக அரிக்கும். சில மணி நேரத்தில் உடைப்பு எடுத்துவிடும். பிறகு ஏரியையே யாராலும் நிறுத்த முடியாது. ஆகவேதான் நிறைமட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் நடுவே சில அடிகள் எப்போதும் விட்டு வைக்கிறார்கள். அந்த இடைவெளியில் கைவைக்கும் துணிச்சல் அனுபவமுள்ள எந்தப் பொறியாளருக்கும் வராது.

இரண்டாவது ஆபத்து சத்தமில்லாமல் வரும். நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர் மட்கி விட்டுப்போன துளை, பழைய மதகின் கட்டுமானத்தை ஒட்டிய விரிசல். இவற்றின் வழியே நீர் ஊடுருவி வெளிச்சரிவின் அடியில் கசியும். மண்கரை என்றால் கசிவு இருக்கத்தான் செய்யும். கசிகிற நீர் தெளிவாக இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. செம்மண் நிறத்தில் வந்தால் கரைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று பொருள். மழைக்கால இரவுகளில் ஆயக்கட்டுக் கிராமத்தார் லாந்தரைத் தூக்கிக்கொண்டு கரையின் அடிவாரமாக நடந்து பார்த்தது இந்த நிறத்தைத்தான். மணல் மூட்டை, வைக்கோல், மூங்கில், கடப்பாரை எல்லாம் கரையோரம் தயாராகக் கிடக்கும்.

மதுராந்தகத்தில் 'ஏரி காத்த ராமர்' கதையைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். செங்கல்பட்டுச் சீமையில் 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், உடையவிருந்த ஏரிக்கரைமேல் கொட்டும் மழையில் நின்றபோது வில்லேந்திய இருவர் கரையைக் காவல் காப்பதைக் கண்டதாகவும், தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்ததாகவும் ஊர் சொல்கிறது. பக்திக் கதையாக அதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, மாவட்டத்தின் முதல் அதிகாரி அடைமழை இரவில் ஏரிக்கரைமேல் நின்றார் என்பது. ஏரி உடைந்தால் வரி கிடையாது, வரி இல்லையென்றால் கம்பெனிக்குச் சோறு கிடையாது. அதற்காகவாவது கரையில் நின்றார்.

*

செம்பரம்பாக்கம் இருக்கும் பகுதி பழைய புலியூர்க் கோட்டம். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று. ஏரியின் உபரிநீர் போகும் வழியில் உள்ள குன்றத்தூரில்தான் பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்தார். சோழ அரசில் அமைச்சராக இருந்து அவர் எழுப்பிய திருநாகேஸ்வரம் கோயில் இன்றும் அங்கே வழிபாட்டில் இருக்கிறது. வேளாண்குடியில் பிறந்த ஒருவர் அரசின் உயர்ந்த இடத்துக்குப் போகும் அளவுக்கு இந்தக் கோட்டத்தில் நெல் விளைந்தது. அந்த நெல்லை ஏரிகள் விளைவித்தன.

ஏரியை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்குக் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூரில் கல்லிலேயே சான்று இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. குடவோலை முறைக்காக எல்லோரும் அவற்றைப் பேசுகிறோம். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. தூர் வாருவது, கரையை உயர்த்துவது எல்லாம் ஊர்ச்சபையின் அன்றாட நிர்வாகமாக இருந்தது. ஏரிக்காகவே நிலமும் பொன்னும் எழுதி வைத்தவர்களைப் பற்றிய கல்வெட்டுகள் தமிழகம் முழுவதும் கிடைக்கின்றன.

1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780இல் ஹைதர் அலியின் படை இந்தச் சீமைக்குள் இறங்கியது. ஊர்கள் எரிந்தன, மக்கள் ஓடினார்கள், ஏரிகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. பிளேஸ் கலெக்டராக வந்தபோது அவர் கண்ட சீமை இதுதான். ஏரிகளைப் பழுதுபார்க்க அவர் பெரும்பாடு பட்டதற்கு இந்தப் பின்னணியும் உண்டு.

1850களில் தென்னிந்தியப் பாசனத்தை ஆராய்ந்து எழுதிய பேர்ட் ஸ்மித் என்ற ராணுவப் பொறியாளர் ஒரு கணக்குச் சொல்கிறார். சென்னை மாகாணத்தின் 14 மாவட்டங்களில் மட்டும் பயன்பாட்டில் இருந்த ஏரிகள் 43,000, பழுதாகிக் கிடந்தவை 10,000. எல்லாக் கரைகளையும் நீட்டி வைத்தால் 30,000 மைல். வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் அசந்து நின்று எழுதிய எண்கள் இவை. அந்த மண் முழுவதையும் வெட்டிச் சுமந்தவர்கள் ஒட்டர்களும் உள்ளூர்க் கூலியாட்களும்தான். அவர்களின் பெயர்களைக் கல்வெட்டுகளில் காண்பது அரிது.

இந்தக் கரைகளைப் பராமரித்துவந்த குடிமராமத்து, கம்பெனி ஆட்சியில் வரிவசூலின் அழுத்தத்தால் தளர்ந்தது. 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் என்ற ஒன்றை இயற்றி, வராதவர்களுக்குத் தண்டம் என்றார்கள். ஊர் தானாகச் செய்துவந்ததைச் சட்டம் போட்டு வாங்க முடியவில்லை. பெரிய ஏரிகள் பொதுப்பணித்துறையின் பொறுப்புக்குப் போயின. செம்பரம்பாக்கமும் அவற்றில் ஒன்று. கரைக்கு இனி சம்பளம் வாங்கும் காவலர் உண்டு, மேற்பார்வைக்குப் பொறியாளர் உண்டு. ஆனால் வரத்துக்கால்களையும் சிற்றேரிகளையும் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அன்றிலிருந்து இன்றுவரை உறுதியான பதில் கிடைக்கவில்லை. நோய் அங்கேதான் தொடங்கியது என்பது என் முடிவு.

*

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் நகரம் மேற்கே நகர்ந்தது. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை பீரங்கி வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. வேலைக்கு வந்தவர்கள் மனை வாங்கினார்கள், வீடு கட்டினார்கள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் ரெட்டேரிக்கும் போகும் வரிசை சாக்கடை கலக்கும் வரிசையாக மாறியது. அதைப் பற்றி அடுத்த அத்தியாயத்தில் விரிவாகப் பேசலாம். செம்பரம்பாக்கம் மட்டும் அப்போதும் பெரும்பாலும் வயலுக்குரியதாகவே இருந்தது.

மாற்றம் கிருஷ்ணா நீரோடு வந்தது. கிருஷ்ணையின் கரையில் அன்று இருந்த மூன்று மாநிலங்களும் ஆளுக்கு 5 டிஎம்சி வீதம் சென்னைக்குத் தருவதென்று 1976இல் ஒப்புக்கொண்டன. எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் முதல்வர்களாக இருந்தபோது, 1983இல் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. வழியில் 3 டிஎம்சி ஆவியாகவும் கசிவாகவும் போய்விடும் என்பதால் எல்லையில் கிடைக்க வேண்டியது 12. கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து ஆந்திராவுக்குள் 152 கிலோமீட்டர், தமிழ்நாட்டுக்குள் 25 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, 1996இல் முதல் நீர் பூண்டிக்கு வந்து சேர்ந்தது.

வந்த நீரைத் தேக்க இடம் வேண்டும். பூண்டியும் புழலும் போதவில்லை. பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்கு இணைப்புக் கால்வாய் போடப்பட்டது. ஏரியின் கொள்ளளவு கூட்டப்பட்டது. 2007இல் ஏரியின் அருகே நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஏரி நிறைந்திருந்தால், வெயில் குடிப்பதைக் கணக்கில் எடுக்காமல், அந்த நிலையத்தை முழுவேகத்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஓட்டலாம். நகரத்துக்கு இது பெரிய கொடை என்பதை மறுக்கவே முடியாது. வளசரவாக்கத்திலோ விருகம்பாக்கத்திலோ குழாயைத் திறக்கிறவர் அந்தக் கொடையைத்தான் குடிக்கிறார்.

ஆயக்கட்டின் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு. மதகு திறக்கும் நாள் அதுவரை சாகுபடியைப் பார்த்து முடிவானது. இனி நகரத்தின் தேவையைப் பார்த்து முடிவாகும். நீர் உறுதியில்லாத வயலை மனைத்தரகர் எளிதாக வாங்கிவிடுவார். குன்றத்தூர், மாங்காடு பக்கம் நெல் விளைந்த நிலங்கள் பிளாட்டுகளாகி, அவற்றின் வாய்க்கால்கள் தெருக்களாயின. மேற்கே நீர்ப்பிடிப்பில், 1990களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலையும் அதைச் சுற்றித் தொழிற்பூங்காவும் வந்தன. மழையை உறிஞ்சிய மேய்க்காலும் புஞ்சையும் கூரையும் தார்ச்சாலையுமாயின. முன்பு பெய்த மழை நாள்கணக்கில் நடந்து ஏரிக்கு வந்தது. இப்போது மணிக்கணக்கில் வந்து சேர்கிறது.

2007ஆம் ஆண்டிலேயே ஏரிகளின் எல்லையை அளந்து வரையறுக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியது. ஒரே ஆண்டில் ஏரிக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையமும் ஒரு பாதுகாப்புச் சட்டமும் கிடைத்தன. நிலையம் அன்றிலிருந்து ஓடுகிறது.

*

2015ஆம் ஆண்டுக்கு வருகிறோம்.

அந்த நவம்பர் முழுக்க மழை. மாத நடுவிலேயே ஒரு முறை ஏரியைத் திறந்து, அடையாறு கரைபுரண்டிருந்தது. மேலே உள்ள ஏரிகள் எல்லாம் நிறைந்து வழிந்தன. மண் இனி ஒரு சொட்டு உறிஞ்சும் நிலையில் இல்லை. டிசம்பர் 1 அன்று பிடித்த மழை விடவில்லை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். ஏரியின் தலைமேலேயே அரை மீட்டர் மழை.

மதகுகள் ஏறின. வெளியேற்றம் படிப்படியாக உயர்ந்து விநாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். அந்த வேகத்தில் திறந்தால், நிறைந்த செம்பரம்பாக்கம் முழுவதும் ஒன்றரை நாளில் காலியாகிவிடும். அந்த நீர் இரவில் போய்ச் சேர்ந்த இடங்கள் மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுதாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம். தூங்கப் போனவர்கள் கட்டிலின் உயரத்துக்குத் தண்ணீர் வந்தபிறகு விழித்தார்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. அந்தப் பருவத்தில் மாநிலம் முழுவதும் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

யார் பொறுப்பு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை 2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. ஏரியில் மிச்சம் இருந்த இடத்தைப் பயன்படுத்தியிருந்தால் அவ்வளவு பெரிய திறப்பை இன்னும் சில மணி நேரம் தள்ளிப்போட்டிருக்கலாம் என்று சொன்ன அந்த அறிக்கை, இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று வகைப்படுத்தியது. அரசுத் தரப்போ, வரலாறு காணாத மழையில் விதிப்படிதான் படிப்படியாகத் திறந்தோம் என்றது.

இரண்டு தரப்பையும் படித்தபின் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அன்று இரவு மதகடியில் நின்றவர்களின் அச்சம் நியாயமானது. மண்கரையின் மேல் நீர் வழிந்திருந்தால், வெளியேறுவது 29,000 கன அடியோடு நின்றிருக்காது. ஆனால் அந்த நிலைமைக்கு ஏரியைக் கொண்டுபோய் நிறுத்திய முந்தைய நாள்களின் முடிவுகளை அந்த அச்சம் நியாயப்படுத்தாது. மழை வருகிறது என்று தெரிந்தும் இடம் ஒழித்து வைக்காதது, கீழே இருப்பவர்களுக்கு நேரத்தில் சொல்லாதது, இரண்டும் பிழை. அவற்றை மன்னிக்க எனக்கு மனமில்லை.

அதே நேரம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே இரவில் முடிச்சூரும் வரதராஜபுரமும் முதல் மாடி வரை மூழ்கின. இவை அடையாற்றின் தெற்குக் கிளையில், ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் நீர் இறங்கிவரும் வழியில் இருப்பவை. செம்பரம்பாக்கத்து உபரி ஆற்றில் கலக்கும் திருநீர்மலைக்கு இவை மேலே இருக்கின்றன. செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரு சொட்டு நீர்கூட அங்கே போகாது. முடிச்சூரை மூழ்கடித்தது எந்த மதகும் இல்லை. வழிந்த சிற்றேரிகளும், வழி மறிக்கப்பட்ட கால்வாய்களும், ஆற்றின் வயிற்றில் போட்ட மனைகளும்தான் மூழ்கடித்தன. 2015 என்றதும் செம்பரம்பாக்கத்தின் பெயரை மட்டும் சொல்லி முடித்துக்கொண்டால் இது மறைந்துவிடும். மறைந்தால் பலருக்கு வசதி.

நாலாண்டு கூட ஆகவில்லை. 2019 ஜூனில் அதே செம்பரம்பாக்கம் வெடித்துப் பிளந்த சேறாகக் கிடந்தது. நகரத்தின் நான்கு ஏரிகளிலும் சேர்த்துக் கொள்ளளவில் ஒரு விழுக்காடுகூட நீர் இல்லை. மாங்காடு அருகே சிக்கராயபுரத்துக் கல்குவாரிப் பள்ளங்களில் தேங்கியிருந்த மழைநீரை இறைத்துச் செம்பரம்பாக்கம் நிலையத்தில் சுத்திகரித்து அனுப்பினார்கள். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. மாலை போட்டு வரவேற்ற அந்த ரயிலில் இருந்தது 25 லட்சம் லிட்டர். செம்பரம்பாக்கம் நிலையம் முழுவேகத்தில் ஒரு நாள் தரும் நீரை ரயிலில் கொண்டுவர வேண்டுமென்றால் 212 ரயில்கள் வேண்டும்.

2015 டிசம்பரில் ஒரே இரவில் கடலுக்கு ஓடியதில் ஒரு பங்கு மேலே உள்ள ஏரிகளில் நின்றிருந்தால் என்று அன்று நினைக்காதவர்கள் இல்லை. அந்த ஏரிகளில் பல தூர்ந்து, ஆழத்தில் பாதிகூட இல்லாமல் கிடக்கின்றன. மேலே தேங்க வேண்டியது தேங்காததால் அது செம்பரம்பாக்கத்தின் தலையில் ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. அதே காரணத்தால் கோடையில் மேலிருந்து ஊறிவர ஒன்றும் மிஞ்சுவதில்லை. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் வேர் ஒன்றே.

2020 நவம்பர் 25 அன்று நிவர் புயல் கரையைக் கடக்கும் முன், பாடம் படித்திருந்தது தெரிந்தது. நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதுமே, 24 வரை காத்திராமல், நண்பகல் 12 மணிக்குச் சங்கு ஊதி மதகைத் திறந்தார்கள். முதலில் விநாடிக்கு 1,000 கன அடி, பிறகு மழையைப் பார்த்து 9,000 கன அடி வரை. குன்றத்தூர் முதல் கோட்டூர்புரம் வரை முன்கூட்டியே எச்சரிக்கை போனது. உயிர்களை அடித்துக்கொண்டு போகும் வெள்ளம் அந்த முறை வரவில்லை. மேலே இரண்டு அடியை வெறுமையாக விட்டு வைக்கும் இந்தப் பழக்கம் நல்லது. ஆனால் அந்த இரண்டு அடியில் அரை டிஎம்சிக்கு மேல் குடிநீர் அடங்கும். வெள்ளத்துக்குப் பயந்து இதைக் கடலுக்கு விடுகிறோம். அடுத்த பருவமழை பொய்த்தால், கோடையில் இதே அரை டிஎம்சிக்காகத்தான் கல்குவாரியை இறைப்போம்.

இதிலிருந்து மீளச் செம்பரம்பாக்கத்தின் கரையை மட்டும் உயர்த்திப் பயனில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நேமம் வரை மேலே உள்ள ஏரிகளைத் தூர்வாரி, அவற்றின் கலங்கல்களையும் வரத்துக்கால்களையும் திறந்துவிட வேண்டும். சிறுகளத்தூரிலிருந்து திருநீர்மலை வரையிலான உபரிநீர்க் கால்வாயை அதன் பழைய அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும். நீர்வளத்துறை, குடிநீர் வாரியம், வருவாய்த்துறை, உள்ளாட்சி அமைப்புகள் என்று நாலாகப் பிரிந்து கிடக்கும் பொறுப்பு, மேலேயுள்ள தாங்கலிலிருந்து கடல்முகம் வரை ஒரே அமைப்பின் கைக்கு வர வேண்டும். உத்திரமேரூரில் ஓர் ஊரின் ஏரிக்கு ஒரு வாரியம் இருந்தது. இத்தனை லட்சம் பேர் குடிக்கும் ஏரித்தொடருக்கு ஒன்று இல்லாதது நியாயமில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பூந்தமல்லி, மாங்காடு, குன்றத்தூர், ஆவடி, அம்பத்தூர் பக்கம் மனையோ வீடோ வாங்கும் எண்ணம் இருந்தால், பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கிராமத்தின் பழைய வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் சர்வே எண்ணிலோ பக்கத்து எண்ணிலோ வாய்க்கால், ஓடை, ஏரி, தாங்கல் என்று எழுதியிருந்தால், விற்பவர் என்ன விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே அப்படிப்பட்ட தெருவில் குடியிருந்தால், உங்கள் பகுதி வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கேட்டு, கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ எழுத்தில் மனு கொடுங்கள். மழைக்கு முன்பே கொடுங்கள்.

(அடுத்த வாரம்: அம்பத்தூர் – கொரட்டூர் – ரெட்டேரி)